கிளார்க் டெர்ரி: டிரம்பெட் கலைஞர், ஆசிரியர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜாஸ் கேட்கத் தொடங்கும் நண்பர்களிடம் கிளார்க் டெர்ரியின் பெயரை எடுக்கும்போதெல்லாம் ஏறத்தாழ ஒரே கேள்விகள்தாம் திரும்பி வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்ததை ஓரிடத்தில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியதால் இதைத் தொகுத்தேன். கேள்விகளை அவரவர் கேட்ட விதத்திலேயே விட்டிருக்கிறேன்.

கிளார்க் டெர்ரி, கிளார்க் டெர்ரி என்கிறீர்களே, யார் அவர்?

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்திலுள்ள செயின்ட் லூயிஸ் நகரில், 1920 டிசம்பர் 14 அன்று, பதினொரு பிள்ளைகளைக் கொண்ட ஓர் ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் ஏழாவது குழந்தையாகப் பிறந்தவர். டிரம்பெட்டும் அதன் உறவு வாத்தியமான ஃபுளூகல்ஹார்னும் வாசித்தார், பாடினார், இசைக்குழு நடத்தினார், வாழ்நாளின் பிற்பாதி முழுவதும் ஊர் ஊராகச் சென்று மாணவர்களுக்குக் கற்பித்தார். ஜாஸின் இரு பெரும் இசைக்குழுத் தலைவர்களான கவுண்ட் பேசியின் குழுவிலும் டியூக் எலிங்டனின் குழுவிலும் அடுத்தடுத்து ஆண்டுக்கணக்கில் வாசித்தவர். தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட ஒலிப்பதிவுகளில் அவருடைய வாசிப்பு இருக்கிறது.

1991-இல் அமெரிக்க அரசின் கலை நிதியம் அவருக்கு ஜாஸ் மேதை என்ற சிறப்பை வழங்கியது. 2010-இல் வாழ்நாள் சாதனைக்கான கிராமி விருது கிடைத்தது. 2015 பிப்ரவரி 21 அன்று, ஆர்கன்சா மாநிலத்துப் பைன் பிளஃப் நகரில், 94-ஆம் வயதில் காலமானார்.

தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயில் டிரம்பெட் செய்தார் என்பது உண்மையா, கட்டிவிட்ட கதையா?

உண்மை. அவரே பல முறை சொல்லியும் எழுதியும் இருக்கிறார். பத்து வயதை ஒட்டிய பருவத்தில் டியூக் எலிங்டன் குழுவின் வாசிப்பைக் கேட்ட சிறுவனுக்கு அந்த ஒலி மனத்தை விட்டு அகலவில்லை. வீட்டிலோ வாத்தியம் வாங்க வழியில்லை. குப்பையில் கிடந்த ரப்பர் குழாயை எடுத்து, டிரம்பெட்டின் வளைவுகள் வரும்படி சுருட்டிக் கம்பியால் கட்டினான். ஒரு முனையில் மண்ணெண்ணெய் ஊற்றும் புனலைச் செருகினான். அது வாத்தியத்தின் மணிவாய் ஆயிற்று. மறுமுனையில் ஈயக் குழாயின் ஒரு துண்டு. அதுதான் உதடு வைக்கும் மவுத்பீஸ்.

அதிலிருந்து வந்தது இசை அன்று, வெறும் இரைச்சல். அதைப் பொறுக்க முடியாமலோ, சிறுவன்மேல் இரக்கப்பட்டோ, அக்கம்பக்கத்தார் ஆளுக்குக் கொஞ்சமாகப் பணம் போட்டு, 12 டாலர் 50 சென்டுக்கு அடகுக்கடையிலிருந்து ஒரு பழைய டிரம்பெட்டை வாங்கிக் கொடுத்தார்கள். இந்தத் தொகையை எண்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அவர் சென்ட் பிசகாமல் சொல்வார். தெரு சேர்ந்து ஒரு பிள்ளைக்கு வாத்தியம் வாங்கித் தந்தது என்ற இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னால் வரும் பல பதில்கள் எளிதில் விளங்கும்.

அவருக்கு யார் கற்றுக் கொடுத்தார்கள்?

முறையாக ஒரு குருவிடம் ஆண்டுக்கணக்கில் பயின்றவர் அல்லர். அக்காளின் கணவர் செயின்ட் லூயிஸ் இசைக்குழு ஒன்றில் ட்யூபா என்ற பெரிய பித்தளைக் கொம்பு வாசித்தார். அந்த வீட்டில்தான் சிறுவனுக்கு இசைக்கலைஞர்களின் அறிமுகம் கிடைத்தது. தந்தைக்கு மகன் ஊதுவது அறவே பிடிக்கவில்லை. முன்னாள் படைவீரர் சங்கம் ஒன்று நடத்திய முரசு, கொம்புக் குழுவில் சேர்ந்தார். வாஷன் உயர்நிலைப் பள்ளியில் டிரம்பெட் கையிருப்பில் இல்லாததால் வால்வு டிராம்போனைக் கொடுத்தார்கள், விரலால் அழுத்தும் வால்வுகள் இரண்டிலும் ஒன்றுபோலத்தானே என்று அதையே வாங்கி வாசித்தார்.

இந்தக் கேள்விக்கு உண்மையான பதில் வேறொரு நிகழ்ச்சியில் இருக்கிறது. கீழ்ச்சுரங்களில் தன் ஒலி நன்றாக வரவில்லை என்று உணர்ந்த இளைஞன், ஊரில் பெயர்பெற்ற மூத்த டிரம்பெட் கலைஞர் ஒருவரை அணுகி வழி கேட்டான். அவர் முகத்தைத் தீவிரமாக வைத்துக்கொண்டு, கண்ணாடி முன் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, இடக்காதை அசைத்து அசைத்துப் பழகு என்றார். பையனும் நம்பி வீட்டுக்குப் போய் அப்படியே பழகினான். அந்தக் காலத்தில் மூத்த கலைஞர்கள் பலர் தங்கள் பிழைப்புக்குப் போட்டியாக வந்துவிடுவார்கள் என்ற அச்சத்தில் இளையவர்களை இப்படித் திசைதிருப்பி விடுவது உண்டு. தான் ஏமாற்றப்பட்டதை உணர்ந்த நாளில், தனக்கு ஏதேனும் தெரியவந்தால் கேட்பவர் எவருக்கும் அதை மறைக்காமல் சொல்லிக் கொடுப்பது என்று டெர்ரி முடிவு செய்துகொண்டார். அவருடைய ஆசிரியப் பணி தொடங்கியது அங்கேதான் என்பது என் எண்ணம்.

கடற்படையில் இருந்தார் என்கிறார்களே? போர்வீரரா, இசைக்கலைஞரா?

இசைக்கலைஞராகத்தான். 1942 முதல் 1945 வரை சிகாகோவுக்கு வடக்கேயுள்ள கிரேட் லேக்ஸ் கடற்படைப் பயிற்சி நிலையத்தில் இருந்தார். அதுவரை அமெரிக்கக் கடற்படையில் கறுப்பினத்தவர்களுக்குப் பெரும்பாலும் சமையல், பரிமாறல் போன்ற வேலைகளே கிடைத்துவந்தன. 1942-இல் பிற பிரிவுகள் திறக்கப்பட்டபோது, நாடெங்கிலுமிருந்து திறமையான கறுப்பின இசைக்கலைஞர்கள் அங்கே வந்து குவிந்தார்கள். அவர்களுக்கென்று தனி முகாம். நிறப்பாகுபாடு சீருடைக்குள்ளும் நீடித்தது. ஆயினும் இத்தனை கலைஞர்கள் ஒரே இடத்தில் மூன்றாண்டு இருந்ததால் அந்த முகாமே ஓர் இசைப் பள்ளி ஆகிவிட்டது.

அங்கே டெர்ரி ஒரு காரியம் செய்தார். டிரம்பெட்டுக்கான பாடநூல்களில் வேகமான நீண்ட ஓட்டங்கள் போதவில்லை என்று கிளாரினெட் பாடநூலை எடுத்து வைத்துக்கொண்டு டிரம்பெட்டில் பயிற்சி செய்தார். கிளாரினெட்டில் சுரங்கள் தண்ணீர்போல வழுக்கி ஓடும். டிரம்பெட்டில் ஒவ்வொரு சுரத்தையும் உதடும் நாவும் சேர்ந்து உண்டாக்க வேண்டும். பிற்காலத்தில் அவருடைய வாசிப்பைக் கேட்டவர்கள் வியந்த அந்த வழுவழுப்பு, இந்த முரட்டுப் பயிற்சியில் விளைந்தது.

அவர்தான் மைல்ஸ் டேவிஸுக்குக் குருவா?

முழுப் பொருளில் குரு என்று சொல்ல மாட்டேன். மூத்த வழிகாட்டி என்பது சரி. பின்னாளில் ஜாஸின் பெரும் டிரம்பெட் கலைஞரான மைல்ஸ் வளர்ந்தது மிசிசிப்பி ஆற்றுக்கு மறுகரையிலுள்ள கிழக்கு செயின்ட் லூயிஸ் ஊரில். அங்கே பள்ளியில் அவருக்குக் கற்றுத் தந்தவர் எல்வுட் புக்கானன். அவர் டெர்ரியின் நண்பர். தம் மாணவன் ஒருவன் அருமையாக வாசிக்கிறான், வந்து பார் என்று டெர்ரியிடம் சொன்னவரும் அவரே. ஒலியை நடுங்கவிடாமல் நேராக நிறுத்தி ஊது என்று மைல்ஸைக் கண்டித்து வளர்த்தவர் புக்கானன். எனவே அந்தப் புகழ்பெற்ற நேரான ஒலிக்கான பெருமை அவருக்கே சேர வேண்டும்.

மைல்ஸ் தம் தன்வரலாற்றில் சொல்லும் ஒரு நிகழ்ச்சி உண்டு. கார்பன்டேல் என்ற ஊரில், பள்ளி இசைக்குழுவோடு வந்திருந்த சிறுவன் மைல்ஸ், அங்கே வாசிக்க வந்திருந்த டெர்ரியை அணுகி டிரம்பெட் பற்றி ஏதோ கேட்டான். டெர்ரியின் கவனம் அப்போது அங்கிருந்த அழகிய பெண்கள்மேல் இருந்தது. அப்புறம் பார்க்கலாம் போ என்று விரட்டிவிட்டார். சில காலம் கழித்து செயின்ட் லூயிஸ் மன்றம் ஒன்றின் மாடியிலிருந்து வந்த டிரம்பெட் ஒலி அவரை நிறுத்தியது. ஏறிப்போய் யாரென்று கேட்டால், அன்று நீங்கள் விரட்டிய பையன்தான் என்றானாம் மைல்ஸ். அன்றிலிருந்து நட்பு இறுதிவரை நீடித்தது. முந்தைய பதில் ஒன்றில் சொன்ன முடிவை எடுத்த மனிதரே ஒருமுறை ஒரு சிறுவனைத் திருப்பி அனுப்பினார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதை அவர் மறந்ததில்லை.

குவின்சி ஜோன்ஸும் அவருடைய மாணவர் என்பது சரியா?

சரி. டெர்ரி பேசியின் குழுவோடு சியாட்டில் நகரில் வாசித்துக்கொண்டிருந்தபோது, பதின்ம வயதுச் சிறுவன் ஒருவன் வந்து டிரம்பெட் கற்றுக்கொடுக்கும்படி கேட்டான். பையனுக்குப் பகலெல்லாம் பள்ளி; டெர்ரிக்கு இரவெல்லாம் கச்சேரி, நள்ளிரவு தாண்டித்தான் படுக்கை. மீதி இருந்தது விடியற்காலை மட்டுமே. காலை ஆறு மணிக்குப் பையன் வந்து கதவைத் தட்டுவான். ஓரிரு மணி நேரமே தூங்கியிருந்த டெர்ரி எழுந்து பாடம் சொல்லிவிட்டு அவனைப் பள்ளிக்கு அனுப்புவார். அந்தச் சிறுவன்தான் பின்னாளில் புகழ்பெற்ற இசையமைப்பாளரான குவின்சி ஜோன்ஸ்.

1959-இல் எலிங்டனின் குழுவை விட்டு விலகிய டெர்ரி, ஐரோப்பாவில் அரங்கேறவிருந்த ஓர் இசை நாடகத்துக்காகக் குவின்சி திரட்டிய குழுவில் போய்ச் சேர்ந்தார். பாடம் கேட்ட பையன் கைகாட்ட, பாடம் சொன்னவர் வரிசையில் உட்கார்ந்து வாசித்தார். இதை அவர் பெருமையோடுதான் சொல்லிக்கொண்டார்.

கவுண்ட் பேசி குழுவுக்கும் டியூக் எலிங்டன் குழுவுக்கும் என்ன வேறுபாடு? இரண்டிலும் அவர் என்ன கற்றார்?

பேசியிடம் 1948 முதல் 1951 வரை இருந்தார். பெருங்குழுவை நடத்தப் பணம் போதாமல் 1950-இல் பேசி அதைக் கலைத்துச் சிறுகுழுவாக்கியபோதும் டெர்ரியை உடன் வைத்துக்கொண்டார். பேசி பியானோவில் வாசித்ததைவிட வாசிக்காமல் விட்டது அதிகம். எங்கே நிறுத்துவது, எத்தனை இடைவெளி விட்டால் தாளம் தானே நடக்கும் என்பதை அங்கேதான் கற்றதாக டெர்ரி சொல்வார்.

எலிங்டனிடம் 1951 முதல் 1959 வரை. எலிங்டன் டிரம்பெட் பகுதி என்று எழுதமாட்டார். இன்ன மனிதருக்கு என்று எழுதுவார். 1957-இல் வெளிவந்த, ஷேக்ஸ்பியர் நாடகங்களை ஒட்டிய இசைத்தொகுப்பில், குறும்புக்காரத் தேவன் பக் பாத்திரம் டெர்ரிக்குக் கிடைத்தது. அந்தப் பகுதியின் கடைசியில், இந்த மானிடர்தாம் எத்தனை மூடர்கள் என்ற பொருளில் பக் சொல்லும் நாடக வரியை டெர்ரி வாத்தியத்திலேயே பேசுகிறார்: சொல் இல்லை, அசைகளும் ஏற்ற இறக்கமும் மட்டும். ஒரு முறை கேட்டுப் பாருங்கள். சொற்கள் காதில் விழும். பேசியின் குழு தமக்குக் கல்லூரி என்றால் எலிங்டனின் குழு மேற்படிப்பு என்ற பொருளில் அவர் பல முறை பேசியிருக்கிறார்.

பேசியிடம் பொய் சொல்லிவிட்டு எலிங்டனிடம் போனார் என்பது உண்மையா?

உண்மை, யோசனை எலிங்டனுடையது. ஒரு குழுத் தலைவர் இன்னொருவரின் ஆளை வெளிப்படையாக இழுப்பது மரியாதை அன்று. எனவே, உடம்பு சரியில்லை என்று சொல்லிச் செயின்ட் லூயிஸுக்குப் போய்விடு, எங்கள் குழு தற்செயலாக அந்தப் பக்கம் வரும், நீயும் தற்செயலாகச் சேர்ந்துகொள் என்று எலிங்டன் ஏற்பாடு செய்தார். 1951 நவம்பரில் அப்படியே நடந்தது. பேசி அதற்குச் சற்று முன்புதான் டெர்ரியின் வாரச் சம்பளத்தை 125 டாலரிலிருந்து 140 ஆக உயர்த்தியிருந்தார். விலகப்போவதாக டெர்ரி சொன்னதும் அந்த 15 டாலர் உயர்வைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

பல ஆண்டுகள் மனத்தை அரித்த இந்தப் பொய்யை முதிய பேசியிடம் டெர்ரி ஒருநாள் ஒப்புக்கொண்டார். எனக்கு அப்போதே தெரியுமே, தெரிந்ததால்தானே சம்பள உயர்வைப் பிடித்துக்கொண்டேன் என்றார் பேசி.

ஃபுளூகல்ஹார்ன் என்றால் என்ன? டிரம்பெட்டின் வேறு பெயரா?

வேறு வாத்தியம். இரண்டுக்கும் மூன்று வால்வுகள், ஒரே விரலமைப்பு, ஒரே சுருதி. எனவே ஒன்றைக் கற்றவர் மற்றதை எடுக்கலாம். வேறுபாடு குழாயின் உள்வடிவில் இருக்கிறது. டிரம்பெட்டின் குழாய் பெரும்பகுதி ஒரே விட்டத்தில் சென்று கடைசியில் விரிகிறது; ஃபுளூகல்ஹார்னின் குழாய் தொடக்கத்திலிருந்தே கூம்புபோல விரிந்துகொண்டே போகிறது, மவுத்பீஸின் குழிவும் ஆழமானது. அதனால் டிரம்பெட்டின் பித்தளைப் பளபளப்பு அடங்கி, பட்டுத்துணி போர்த்தியதுபோன்ற கனிந்த ஒலி கிடைக்கிறது.

ஜாஸில் இதை முதலில் வாசித்தவர் டெர்ரி என்று சிலர் எழுதுவது தவறு. 1930-களிலேயே உடி ஹெர்மன் குழுவில் ஜோ பிஷப் வாசித்திருக்கிறார். அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஷார்ட்டி ராஜர்ஸ் வாசித்தார். ஆனால் 1957-ஐ ஒட்டி டெர்ரி கையிலெடுத்த பிறகுதான் அது தனித்து நின்று பேசக்கூடிய வாத்தியம் என்று எல்லாரும் ஏற்றார்கள். அவர் தம் முதன்மை வாத்தியமாகவே அதை ஆக்கிக்கொண்டார்.

ஒரு கையில் டிரம்பெட், மறு கையில் ஃபுளூகல்ஹார்ன் வைத்து வாசிப்பதைப் பார்த்தேன். இது வித்தை காட்டுவதுதானே?

வித்தையும்தான், அவருக்கு அரங்கை மகிழ்விப்பது பிடிக்கும். வாத்தியத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கூட வாசிப்பார். ஆயினும் அந்த நிகழ்ச்சியைக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். ஜாஸில் இரு கலைஞர்கள் நான்கு நான்கு தாள அளவுகளாக மாற்றி மாற்றி வாசித்து உரையாடுவது ஒரு மரபு. டெர்ரி இரு வாத்தியங்களாலும் தனியொருவராக அந்த உரையாடலை நடத்துகிறார். டிரம்பெட் துடுக்காக ஒன்று கேட்கும், ஃபுளூகல்ஹார்ன் நிதானமாகப் பதில் சொல்லும். முந்தைய பதிலில் சொன்ன ஒலி வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக விளக்கும் பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. இடக்கை விரல்களாலும் அதே வேகத்தில் வால்வுகளை அழுத்த எத்தனை ஆண்டு உழைப்பு வேண்டும் என்பது வாசிப்பவர்களுக்குத் தெரியும்.

தொலைக்காட்சியில் வேலை பார்த்தது பெரிய விஷயமா என்ன?

1960-இல் மிகப் பெரிய விஷயம். என்பிசி போன்ற நிறுவனங்கள் மாதச் சம்பளத்துக்கு நிலையான இசைக்குழுக்களை வைத்திருந்தன. ஊர் சுற்றாமல், நியூயார்க்கிலேயே குடியிருந்து, நல்ல ஊதியம் பெறும் அந்த இடங்கள் வெள்ளையர்களுக்கே கிடைத்துவந்தன. தகுதியான கறுப்பினக் கலைஞர்கள் இல்லை என்பது நிறுவனங்களின் வழக்கமான சாக்கு. அர்பன் லீக் என்ற உரிமை அமைப்பு தொடர்ந்து குரல் எழுப்பியதன் விளைவாக, டெர்ரி என்பிசியின் முதல் கறுப்பின நிலையக் கலைஞராக அமர்த்தப்பட்டார். புகழ்பெற்ற டுநைட் ஷோ இரவு நிகழ்ச்சியின் குழுவில் அவர் வாசித்தார்.

தாம் ஒரு தவறு செய்தால் பின்னால் வருகிற அத்தனை பேருக்கும் கதவு மூடப்படும் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். நேரம் தவறாமை, எந்தத் தாளைக் கொடுத்தாலும் பார்த்த மாத்திரத்தில் வாசிப்பது, எந்த நடைக்கும் பொருந்துவது ஆகியவற்றில் அவர் காட்டிய கண்டிப்பு, பிற்காலத்தில் மாணவர்களிடம் எதிர்பார்த்த ஒழுங்காகவும் மாறியது. நிகழ்ச்சி 1972-இல் கலிபோர்னியாவுக்கு இடம் மாறியபோது அவர் நியூயார்க்கிலேயே தங்கிவிட்டார்.

‘மம்பிள்ஸ்’ என்று ஏதோ முணுமுணுத்துப் பாடுகிறாரே, அது நம் கொன்னக்கோல் மாதிரியா?

பொருளற்ற அசைகளை வாயால் சொல்வது என்ற அளவில் மட்டும் ஒப்புமை உண்டு. கொன்னக்கோலில் சொற்கட்டுகள் தாளக் கணக்கின்படி கோக்கப்படும். கணக்கு பிசகக் கூடாது. டெர்ரி செய்தது வேறு. சிறு வயதில் கேட்ட முதிய புளூஸ் பாடகர்களின் பாணியை அவர் நடித்துக் காட்டினார்: மதுக்கடை மூலையில் உட்கார்ந்து, பாதிச் சொற்களை விழுங்கி, என்ன சொல்கிறார்கள் என்றே புரியாமல், ஆனால் ஏதோ மிக முக்கியமான செய்தியைச் சொல்வதுபோலப் பாடுவார்கள்.

1964-இல் பியானோ கலைஞர் ஆஸ்கார் பீட்டர்சனின் மூவர் குழுவுடன் செய்த ஒலிப்பதிவில் இது இடம்பெற்று உலகெங்கும் புகழ் பெற்றது. ரசிகர்கள் அந்தப் பெயராலேயே அவரைக் கூப்பிடத் தொடங்கினார்கள். கூர்ந்து கேட்டால், அந்த முணுமுணுப்பின் தாளமும் வளைவுகளும் அவர் டிரம்பெட்டில் வாசிக்கும் சொற்றொடர்களின் தாளமும் வளைவுகளுமே என்பது புலப்படும்.

அப்படியென்றால் பேச்சுக்கும் வாசிப்புக்கும் அவர் தொடர்பு வைத்திருந்தாரா?

அவருடைய கற்பித்தலின் மையமே அதுதான். டிரம்பெட்டில் வேகமான சுரங்களைப் பிரித்து ஊத, நாவால் ‘து-கு, து-கு’ என்று அடிப்பது மரபான முறை. இராணுவ இசைக்கும் சாஸ்திரிய இசைக்கும் அது பொருந்தும். ஜாஸின் நொண்டி நடைக்கு அது விறைப்பாக இருக்கும். டெர்ரி கற்றுத் தந்தது ‘டூ-டுல்’ என்ற அசை. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: ‘டூ’வில் நாவின் நுனி மேலண்ணத்தைத் தொட்டு விலகுகிறது, ‘டுல்’ என்று முடியும்போது நுனி மேலேயே நிற்க, காற்று நாவின் இரு பக்கங்களிலும் வழிந்து போகிறது. காற்று நிற்பதே இல்லை. அதனால் முதல் சுரம் அழுத்தமாகவும், அடுத்தது பாதி விழுங்கியதுபோலவும் வரும். ஜாஸின் ஊசலாட்டத்துக்கு வேண்டியதும் அதுவே.

மாணவனிடம் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு முதலில் வாயால் சொல்லச் சொல்வார். சொல்ல வராதது ஊத வராது என்பது அவர் கொள்கை. இதோடு சுழல் மூச்சு முறையையும் கற்பித்தார்: கன்னங்களில் தேக்கிய காற்றை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்போதே மூக்கால் மூச்சை இழுத்து, ஒலி அறாமல் ஊதும் முறை அது. அதைப் பற்றித் தனி நூலே எழுதினார்.

எந்தக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார்?

ஒரே கல்லூரியில் அடைந்து கிடந்தவர் அல்லர். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், ஜாஸைத் தெருக்களுக்குக் கொண்டுசென்ற ஜாஸ்மொபைல் இயக்கத்தோடு சேர்ந்து சிறுவர், இளைஞர்களைத் திரட்டிக் குழு அமைத்துப் பயிற்றுவித்தார். 1960-களின் பிற்பகுதியிலிருந்து பள்ளிகள், கல்லூரிகள், கோடைக்காலப் பயிலரங்குகள் என்று நாடு முழுவதும் சென்றார். ஜாஸுக்குப் பல்கலைக்கழகங்களில் இடமே இல்லாதிருந்த காலத்தில் அதை வகுப்பறைக்குள் கொண்டுவந்த முதல் தலைமுறையில் அவர் ஒருவர். ஐயோவா மாநிலத்து லெ மார்ஸ் ஊரில் அவர் பெயரிலேயே ஒரு ஜாஸ் கல்வி நிலையம் 1990-களில் நடந்தது. அதற்கு இடமளித்த வெஸ்ட்மார் பல்கலைக்கழகம் 1997-இல் மூடப்பட்டதோடு அது முடிந்தது. பின்னர் நியூஜெர்சியின் வில்லியம் பாட்டர்சன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். அவருடைய ஆவணங்களும் அங்கேதான் இருக்கின்றன.

பயிலரங்குகளில் திறமையைக் கண்டுபிடிப்பதிலும் அவருக்குத் தனிக் கண் இருந்தது. பாடகி டயான் ரீவ்ஸை உயர்நிலைப் பள்ளி மாணவியாக ஒரு ஜாஸ் கல்வியாளர் மாநாட்டில் கேட்டு, தம்மோடு மேடையேற்றியவர் அவர். டிரம்ஸ் கலைஞர் டெரி லின் காரிங்டனுக்குப் பத்து வயதிலேயே மேடை கொடுத்ததும் அவரே.

வெளிப்படையாகக் கேட்கிறேன்: நல்ல ஆசிரியர், ஆனால் கலைஞராக இரண்டாம் வரிசைதானே? மைல்ஸ் அளவுக்கு ஏன் பெயர் இல்லை?

இந்தக் கேள்விதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. அதனால் சற்று விரிவாகச் சொல்கிறேன். பெயர் இல்லாததற்குக் காரணங்கள் உண்டு. மைல்ஸ் பத்தாண்டுக்கு ஒரு முறை இசையின் திசையையே மாற்றினார். வரலாறு எழுதுபவர்களுக்குத் திருப்பங்கள் வேண்டும். டெர்ரி எந்தக் கட்சியையும் தொடங்கவில்லை. பழைய ஸ்விங் நடைக்கும் புதிய பீபாப் நடைக்கும் நடுவே, இரண்டையும் சரளமாகப் பேசும் ஒருவராக வாழ்ந்தார். தம் சிறந்த ஆண்டுகளைப் பிறர் குழுக்களிலும் தொலைக்காட்சி நிலையத்திலும் செலவிட்டார். சிரிக்க வைக்கும் கலைஞரை ஆழமற்றவர் என்று எண்ணும் பழக்கமும் விமர்சகர்களுக்கு இருந்தது.

வாசிப்பை வைத்துப் பேசினால் அந்தக் கருத்து நிற்காது. எளிதில் யாரையும் ஏற்காத பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க், 1958-இல் டெர்ரியின் தலைமையில் பக்கவாத்தியக் கலைஞராக அமர்ந்து ஒரு தொகுப்பைப் பதிவு செய்திருக்கிறார். மங்க் அப்படிப் பிறர் தலைமையில் அமர்ந்தது மிக அரிது. அதில் டெர்ரி முழுக்க ஃபுளூகல்ஹார்ன் வாசிக்கிறார். மங்கின் கோணல்மாணலான சுரக்கோவைகள்மேல் அவர் பதறாமல், புன்னகையோடு நடந்துபோவதைக் கேளுங்கள். இரண்டே சுரங்களில் இவர் கிளார்க் டெர்ரி என்று அடையாளம் தெரிகிறது. ஜாஸில் முதல் வரிசைக்கு வேறு என்ன அளவுகோல் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

முதலில் மேலே சொன்ன பீட்டர்சன் தொகுப்பு. ஜாஸ் பழக்கமில்லாதவரும் முகம் மலர்வார். அடுத்து எலிங்டனின் ஷேக்ஸ்பியர் தொகுப்பில் பக் பகுதி. பிறகு மங்க் உடன் வாசித்த 1958 தொகுப்பு. 1960-களில் வால்வு டிராம்போன் கலைஞர் பாப் புரூக்மயருடன் சேர்ந்து நடத்திய ஐவர் குழுவின் பதிவுகளை அவசரமில்லாத ஒரு மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் ஒருவர் பேச்சை ஒருவர் முடித்துவைக்கும் பழைய நண்பர்களைப்போல வாசிப்பார்கள்.

கடைசிக் காலத்தில் பார்வையும் காலும் போய்விட்டதாமே? அப்போதுமா கற்பித்தார்?

ஆம். நீண்டகால நீரிழிவு நோயால் பார்வை மங்கியது. இரு கால்களும் அடுத்தடுத்து அகற்றப்பட்டன. 2006-இல் மனைவி குவெனுடன் பைன் பிளஃப் நகருக்குக் குடிபெயர்ந்தார்; குவெனின் துணையோடு எழுதிய தன்வரலாறு 2011-இல் வெளிவந்தது. ஊத முடியாத நிலையிலும் படுக்கையைச் சுற்றி மாணவர்கள் இருந்தார்கள். அவர்களுள் ஒருவர், வில்லியம் பாட்டர்சனில் படித்த பியானோ கலைஞர் ஜஸ்டின் காஃப்லின். பதினொரு வயதில் பார்வையை இழந்தவர். ஆசிரியருக்குப் பார்வை மங்கிக்கொண்டிருந்த நாள்களில் மாணவர் அதற்குத் துணையாக இருந்தார். மேடை அச்சத்தால் தவித்த மாணவருக்கு ஆசிரியர் துணையாக இருந்தார். இரவு முழுக்க விழித்து, டெர்ரி படுத்தபடியே ஒரு சொற்றொடரை ‘டூடுல்’ அசைகளில் பாட, காஃப்லின் அதைத் திருப்பிச் சொல்லிப் பழகும் காட்சிகள் 2014-இல் வந்த ஆவணப்படத்தில் இருக்கின்றன. அந்தப் படத்தைத் தயாரித்தவர்களுள், காலை ஆறு மணிக்குக் கதவைத் தட்டிய குவின்சியும் ஒருவர்.

2014 டிசம்பரில், 94-ஆம் பிறந்தநாளை ஒட்டி, பைன் பிளஃப் மருத்துவமனையில் இருந்தார். சுற்றுப்பயணத்தில் இருந்த டிரம்பெட் கலைஞர் விண்டன் மார்சாலிஸ், தம் லிங்கன் சென்டர் ஜாஸ் குழுவை அங்கே அழைத்துச் சென்று, மருத்துவமனைக்குள்ளேயே அவருக்காக வாசித்தார்.

போலச் செய், உள்வாங்கு, புதிதாக்கு என்பது அவருடைய மூன்று படிகள் என்கிறார்கள். ஆசிரியரைப் போலவே வாசிக்கச் சொன்னால் மாணவருக்குச் சொந்தக் குரல் எப்படி வரும்?

போலச் செய் என்றது தம்மை மட்டுமே பார்த்துச் செய்ய அன்று. பிடித்த கலைஞர் எவரையும் எடுத்துக்கொள், அவர் வாசித்ததைத் தாளில் பார்க்காமல் காதால் பிடி, அதே அழுத்தம், அதே மூச்சு, அதே தாமதம் வரும்வரை வாசி என்பார். இரண்டாம் படியில் அது எல்லாச் சுருதிகளிலும், எல்லா வேகங்களிலும் கைக்கு வந்து, யாருடையது என்ற நினைவே இல்லாத அளவுக்கு உடம்பில் ஊறிவிட வேண்டும். குழந்தை தாயின் பேச்சைத் திருப்பிச் சொல்லித்தான் பேசக் கற்கிறது; ஆனாலும் வளர்ந்த பிறகு தாய் சொல்லாத வாக்கியங்களைச் சொல்கிறது. மூன்றாம் படி தானே வரும் என்று அவர் ஏமாற்றியதில்லை. முதல் இரண்டும் இல்லாமல் வராது என்று மட்டும் சொன்னார்.

இதற்குச் சான்று வேண்டுமென்றால் அவரிடம் கற்றவர்களைக் கேளுங்கள். மைல்ஸின் ஒலியில் டெர்ரியின் சிரிப்பு இல்லை. குவின்சி டிரம்பெட்டையே விட்டுவிட்டு இசையமைப்புக்குப் போனார். டயான் ரீவ்ஸ் பாடுகிறார். காஃப்லினின் பியானோவோ மென்மையானது, தயங்கித் தயங்கிப் பேசுவது. அதைக் கேட்டு டெர்ரியின் பெயரை யாரும் ஊகிக்க முடியாது. ஆனால் வேகமான ஓட்டங்களில், ஒவ்வோர் இரண்டாம் சுரத்தையும் அவர் சற்றே விழுங்கும்போது, என் வாய் தானாக ‘டூடுல்’ என்கிறது.